துரை காரின் பின்வில்

ஊசிமலைத் தோட்டம், மேல்பிரிவு,
உடப்புசல்லாவை.
12.9.62

அன்புள்ள அத்தானுக்கு வடிவு எழுதிக்கொள்வது.

இங்கு நான் சுகம். கோழிகள் சுகம். கார் சுகமில்லை. உங்கள் கால் எப்படியிருக்கிறது என்று இரண்டு வரியாவது எழுதுங்கள். உங்களைக் கண்டிக்கு ஏற்றிப்போன லொறிக்காரர் திரும்பி வந்து, "தொடை எலும்பு முறிஞ்சிருச்சாம், கார்த்திகை வரைக்கும் எந்திரிக்கக் கூடாதாம்" என்று சொன்னார். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார், போய்விட்டார். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைக்காம்பராவில் என்னைவிட்டால் குழந்தைகளைப் பார்க்க ஆளில்லை, அதனால் உடனே கிளம்பி வரவும் முடியவில்லை.

தரை ஈரமாக இருக்கிறது, ஜாக்கி வழுக்கும், காருக்கு அடியில் போகாதீர்கள் என்று அன்று காலையிலேயே சொன்னேன். அதை இப்போது சொல்லிக்காட்ட மாட்டேன். ஆனால் சொன்னேன்.

நேற்று தோட்டத்துத் துரை என்னைப் பங்களா கராஜுக்குக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய பச்சைக் கார் பின்சக்கரம் இரண்டும் இல்லாமல் கருங்கல்மேல் கிடக்கிறது. முன்பக்கம் பார்த்தால் மாப்பிள்ளை, பின்பக்கம் பார்த்தால் படுத்துவிட்ட எருமை. துரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "தீபாவளி வரைக்கும் பாக்கிறேன். அதுக்குள்ள கார் ரோட்டில ஓடணும். இல்லாட்டி இத வித்துட்டு ஜீப் வாங்கிருவேன். ஜீப்ப நானே ஓட்டிக்குவேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

டிரைவர் வேண்டாமென்றால் டிரைவர் வீடும் இல்லை. திரும்பவும் லயத்து வரிசையில் ஒற்றைக் காம்பராவில் போய் ஒண்ட வேண்டியதுதான். புதிதாக வந்த கணக்கப்பிள்ளை நேற்றே நம் வேலிக்கு வெளியே நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்றே சாணித் தண்ணீரை அந்தப் பக்கம் ஊற்றினேன்.

அண்ணனிடம் கேட்கட்டுமா? நீங்கள் இரண்டு பேரும் பேசி மூன்று வருஷமாகிறது என்பது எனக்கு மறக்கவில்லை. ஆனால் இந்தத் தோட்டத்தில் இரும்பைத் தொடத் தெரிந்த மனிதர் உங்களைவிட்டால் தேயிலை ஃபாக்டரி ஃபிட்டர் அழகுமுத்துதான். அவர் எனக்கு அண்ணனாகப் பிறந்தது என் குற்றமில்லை.

உங்கள்
வடிவு

---

கண்டி ஆஸ்பத்திரி,
17.9.62

அன்புள்ள வடிவு,

என் காலில் கம்பி கோத்து, கயிறு கட்டி, கப்பி வழியாக ஒரு இரும்பு எடையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அசைந்தால் நர்ஸ் அம்மா ஓடிவந்து, "மல்லி, ஹெல்லென்ன எபா!" அசையாதே தம்பி என்று சிங்களத்தில் அதட்டுகிறாள். ஆகையால் அசையாமல் கிடக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் ஹட்டன் பள்ளிக்கூடத்து லியனார்ட் மாஸ்டர். அவருக்குக் கை முறிவு. "டிரைவரே, கார் ஸ்பிரிங்கைக் கழட்டப் போயி உங்களுக்கே ஸ்பிரிங் போட்டுட்டாங்களே" என்று தினமும் ஒரு தடவை சொல்லிச் சிரிக்கிறார். முதல் நாள் நானும் சிரித்தேன்.

உன் அண்ணனிடம் கேட்காதே. மாரியம்மன் தேருக்கு அவன் அச்சுப் போட்ட வருஷம், தேர் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு வந்தது. "மச்சான் கை ஃபாக்டரியில தேயிலை உருட்டுற ரோலருக்குத்தான் லாயக்கு" என்று நான் சிரிப்புக்குச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. சிரித்தது கூட்டம், கோபம் என்மேல். அன்றிலிருந்து நம் வீட்டுப் படியேறாதவன் அவன். நான் அவன் காலில் விழுந்ததாக ஆகக் கூடாது. என் காலே இப்போது என் வசத்தில் இல்லை, அது வேறு விஷயம்.

நுவரெலியாவில் பெரிய கராஜ் இருக்கிறது. பஸ் ஏறிப் போய் அங்கே கேள்.

செல்லசாமி

---

ஊசிமலை,
23.9.62

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடி நுவரெலியா போனேன். கராஜ்காரர் காரின் பெயரைக் கேட்டதுமே சிரித்துவிட்டார். "அம்மா, அது நம்ம பொறக்குறதுக்கு முன்ன செஞ்ச காரு. சாமான் சீமையிலருந்துதான் வரணும். சர்க்கார்தான் எல்லாச் சாமானையும் நிப்பாட்டி வச்சிருக்கே. கழட்டிக் கொண்டாந்தீங்கன்னா தை மாசம் பாக்கலாம்" என்றார். தை மாதம் நாம் எந்தக் கூரைக்குக் கீழே இருப்போமோ? திரும்பும்போது கரட்டும் லீக்ஸும் வாங்கி வந்தேன். வெறுங்கையோடு வர மனமில்லை.

அப்புறம் உங்களைக் கேட்காமல் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அண்ணன் முகத்தைக் கூடத் திருப்பவில்லை. "அவருக்குத் தேவைன்னா அவரு வாயால கேக்கட்டும். வாய் கண்டியில இருந்தா கையால எழுதட்டும்" என்றார். மதினி ராக்காயி, "ஆமா, ரெண்டு பேரும் பெரிய ஜமீன்தாருங்க, தூது விட்டுக்கிட்டு இருங்க" என்று ஒரு சத்தம் போட்டார். அதற்கும் அசையவில்லை.

ஆனால் சாயந்தரம் நான் பங்களாப் பக்கம் போனபோது கராஜில் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. கால் பெருவிரலைப் பார்த்தே அண்ணன் என்று தெரிந்துகொண்டேன். "சும்மா பாக்க வந்தேன்" என்றார். சும்மா பார்க்க வந்தவர் கைவிளக்கும் சுத்தியலும் கொண்டுவந்திருந்தார். பின்பக்கத்து ஸ்பிரிங் வில் இரண்டில் இடது வில்லின் இரண்டாவது பட்டை முறிந்திருக்கிறதாம். வில்லைக் காரோடு கோத்திருக்கிற இடத்தில் புஷ் வளையமெல்லாம் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டதாம். பிறகு என்னிடம், "நல்லா இருந்தப்ப வில்லு எவ்வளவு வளைஞ்சிருந்துச்சுன்னு டிரைவருக்குத் தெரியும். நான் கேட்டதா எழுதிராத" என்றார்.

அதனால் அவர் கேட்டதாக நான் எழுதவில்லை. நானாகத்தான் கேட்கிறேன். வில் எவ்வளவு வளைந்திருந்தது?

வடிவு

---

கண்டி ஆஸ்பத்திரி,
28.9.62

அன்புள்ள வடிவு,

நீயாகக் கேட்ட கேள்விக்கு நானாகப் பதில் எழுதுகிறேன். வேறு யாருக்கும் எழுதவில்லை.

வலது வில் முறியவில்லை. அதைக் கழற்றித் தரையில் வைத்துச் சுற்றிலும் கரியால் கோடு இழுத்தால் அதுதான் அளவு. இடது வில்லின் புதுப் பட்டை அந்தக் கோட்டின்மேல் உட்கார வேண்டும். பட்டைக்குப் பழைய லொறி வில்லைத்தான் எடுக்க வேண்டும், ஆனால் அது தடிப்பு, அதை அப்படியே போட்டால் கார் கட்டை வண்டியாகிவிடும். தேய்த்து மெல்லிசாக்கிக் காய்ச்சி வளைக்க வேண்டும். புஷ்ஷைப் பித்தளையில் கடையலாம். கடைசியாக முடுக்குவது காரைத் தரையில் இறக்கி, சீட்டில் ஆள் உட்கார்ந்த பிறகுதான். தூக்கி வைத்து முடுக்கினால் வில் சாகும்வரை முறுக்கிக்கொண்டே கிடக்கும்.

இன்னொன்று. வில்லுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு இரும்புக் கை இருக்கும். அவை சேருகிற இடத்தில் வட்டமான மரத்தட்டுகள். கார் குதித்தால் அடக்கிப் பிடிப்பது அவைதான். அவற்றில் பழுதில்லை. கழற்றித் தூசி தட்டி அப்படியே மாட்டினால் போதும்.

இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல நினைத்தால், நீ சொல்வதாகவே சொல். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், புருஷனோடு குடித்தனம் நடத்திக் கற்றுக்கொண்டேன் என்று சொல்.

செல்லசாமி

---

ஊசிமலை,
10.10.62

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எழுதியதையெல்லாம் மனப்பாடம் செய்து அண்ணனிடம் ஒப்பித்தேன். தடிப்பு, மெல்லிசு, பித்தளை எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "நீ பெரிய மெக்கானிக்கு ஆயிட்ட தங்கச்சி" என்றார். சிரித்ததுபோல் இருந்தது. மீசை மறைத்துவிட்டது.

ஃபாக்டரி வேலை முடிந்ததும் தினமும் கொல்லுப் பட்டறைக்குப் போய்விடுகிறார். மூன்று தடவை பட்டையை வளைத்தார். இரண்டு தடவை கோட்டில் உட்காரவில்லை என்று தானே தூக்கி எறிந்தார். மூன்றாவது அச்சாக உட்கார்ந்தது. அப்போது நான் அங்கே நின்றேன். என்னைப் பார்க்காமல் கரிக்கோட்டையே பார்த்துக்கொண்டு, "இது தேரு இல்ல" என்றார். உங்கள் வார்த்தை அவருக்குள் இன்னும் கிடக்கிறது அத்தான்.

ஆயுத பூசை அன்று கழற்றிய சாமான்கள் எல்லாம் கராஜில் சாக்கின்மேல் கிடந்தன. வருஷா வருஷம் நீங்கள் செய்வதை இந்த வருஷம் யார் செய்வது? நானே குளித்துவிட்டுப் போய், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் துணியால் துடைத்து, நல்லெண்ணெய் தடவி, வாழையிலையில் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். அவல் கடலை படைத்தேன். காய்ந்து கிடந்த சாமான்களுக்குக்கூட இரண்டு தடவை எண்ணெய் விட்டேன். பங்களாச் சமையல்கார அப்பு எட்டிப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். கார் நல்லபடியாக ஓடும், பாருங்கள்.

வடிவு

---

கண்டி ஆஸ்பத்திரி,
14.10.62

அன்புள்ள வடிவு,

ஆயுத பூசை செய்தது நல்லது. எனக்கு அன்று முழுவதும் அந்த நினைப்புத்தான். லியனார்ட் மாஸ்டர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், இருந்தாலும் எனக்காகத் தன் பேனாவைத் தலையணைமேல் வைத்தார்.

பட்டை மூன்றாம் தடவை உட்கார்ந்தது என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நானாக இருந்தால் இரண்டாவதோடு போதுமென்று விட்டிருப்பேன். இதை அவனிடம் சொல்ல வேண்டியதில்லை.

தேர் உண்மையில் அச்சினால் சாயவில்லை, தெற்குப் பக்கத்து ஆட்கள் வடத்தைப் பிடித்து இழுத்த இழுவையில் சாய்ந்தது என்று மாஸ்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "அத ஏன் இங்க வந்து எங்கிட்ட சொல்றீங்க?" என்று கேட்டார். நான் தூங்குகிறவன்போல் கண்ணை மூடிக்கொண்டேன்.

செல்லசாமி

---

ஊசிமலை,
20.10.62

அன்புள்ள அத்தானுக்கு,

மனசு சரியில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று எல்லாம் பூட்டியாயிற்று. காரைத் தரையில் இறக்கி, என்னையும் மதினியையும் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார் அண்ணன். நீங்கள் இத்தனை வருஷம் ஓட்டுகிற காரில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அப்பு வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மதினி, "ஏன் அப்பு, எங்கள விட்டா நெறைக்கு வேற நல்ல மூட்டை கெடைக்குமா?" என்று கேட்டாரே! அண்ணன் அடியில் படுத்து முடுக்கினார், நாங்கள் மேலே துரைசானிகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு மதினி இறங்கிக்கொண்டார். அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, ஃபாக்டரி ரோட்டில் இறங்கினோம். முதல் பள்ளத்தில் பின்பக்கம் ஒரு குதி குதித்தது. குதித்தது நிற்கவில்லை. கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டே போகிறது. வளைவில் பின்பக்கம் தேயிலைப் பக்கம் போய்விட்டது. என் கொண்டை அவிழ்ந்து, நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டேன். அண்ணன் எப்படியோ நிறுத்தினார்.

இறங்கி, குந்தி உட்கார்ந்து வில்லைத் தொட்டுப் பார்த்தார். "அவரு சொன்னது சரிதான் தங்கச்சி. என் கை ரோலருக்குத்தான்" என்றார். அவர் கண் கலங்கியதை நான் இதுவரை பார்த்ததில்லை. வில்லைத் திரும்ப அடிக்க நாளில்லை. தீபாவளிக்கு மறுநாள் துரை ஓட்டிப் பார்க்க வருகிறார். அண்ணன் கார் வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வீடு போனால் போகட்டும் அத்தான். இந்த மனுஷர் இப்படி உடைந்துபோனதை என்னால் பார்க்க முடியவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் உடனே எழுதுங்கள்.

வடிவு

---

கண்டி ஆஸ்பத்திரி,
22.10.62

வடிவு,

வில்லைத் தொட வேண்டாம். வில்லில் ஒரு குறையுமில்லை.

உன் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவினாய் அல்லவா? மரத்தட்டுக்கும் தடவியிருப்பாய். அதுதான் காய்ந்து கிடந்தது, அதற்குத்தான் இரண்டு தடவை விட்டிருப்பாய். காய்ந்த மரமும் இரும்பும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தால்தான் குதி அடங்கும். எண்ணெய் குடித்த மரம் வழுக்குகிறது. வில் துள்ளுகிறது, அதை அடக்க ஆளில்லை. வில் துள்ளுகிறது என்றால் வில்லுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். உன்னைத் திட்ட மாட்டேன். நானும் அதைப் படித்துவிட்டு 'நல்லது' என்று எழுதியிருக்கிறேன். ஸ்பானருக்குப் பூசுகிற பழக்கத்தில் எனக்கும் புத்தி ஓடவில்லை.

எண்ணெய் தேய்த்தவள் நீ, தலை முழுக்காட்டுவதும் நீதான். தட்டுகளைக் கழற்றிச் சீயக்காய் போட்டுக் கொதிக்கவிடு. தண்ணீரில் எண்ணெய் மிதப்பது நிற்கும்வரை மாற்றி மாற்றிக் கொதிக்கவிடு. பிறகு ஈரமில்லாமல் காய வேண்டும். இரும்புக் கைகளையும் சாம்பல் போட்டுத் தேய்.

இனி எழுதுவதை நீ சொல்வதாகச் சொல்லாதே. உன் அண்ணன் முன்னால் நின்று வாசி:

மச்சான், நீங்கள் போட்ட வில் நன்றாக இருக்கிறது. தேர் சாய்ந்தது உங்கள் அச்சினால் இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும். தட்டுகள் காய்ந்ததும் நீங்கள்தான் பூட்ட வேண்டும், வேறு யார் பூட்டினாலும் எனக்கு நம்பிக்கை வராது. நான் கேட்கிறேன்.

செல்லசாமி

---

ஊசிமலை,
29.10.62

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணன் வீட்டு வாசலில் நின்று வாசித்தேன். கேட்டு முடித்ததும், "கடைசி வரிய இன்னொரு தரம் வாசி" என்றார். வாசித்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னாலேயே கராஜுக்குப் போய்விட்டார்.

தீபாவளிக்கு எல்லா வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி, என் வீட்டில் மட்டும் சீயக்காய்ப் பானை. கொதிக்கக் கொதிக்க எண்ணெய் மேலே வட்டம் வட்டமாக மிதந்தது. மழை விடாததால் வெயிலில் வைக்க வழியில்லை. அண்ணன் ஃபாக்டரியில் கொழுந்து காய்கிற அடுப்பறைக்கு வெளியே கம்பியில் கோத்துத் தொங்கவிட்டார். ஃபாக்டரிப் பொறுப்பு டீமேக்கர் ஐயா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, "ஃபாக்டரிக்குள்ள எவன்டா தல முழுகுனது?" என்று கேட்டாராம். பலகாரம் கொடுத்துச் சமாதானப்படுத்தினோம்.

நேற்று துரை வந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார, துரையே ஓட்டினார். நான் பிள்ளைக்காம்பரா வாசலில் இடுப்பில் ஒரு பிள்ளை, காலடியில் இரண்டு பிள்ளையோடு நின்று பார்த்தேன். அதே பள்ளம். பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். வளைவில் சாலையைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. சத்தம் மலையைச் சுற்றிக்கொண்டு போய், கேட்காமலே போய்விட்டது. பிறகு மேல்மலையிலிருந்து அதே சத்தம் நல்லபடியாக இறங்கி வந்தது.

துரை காரை என் முன்னால் நிறுத்தினார். வில்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, விற்பதைப் பற்றியும் பேசவில்லை. "செல்லசாமி எப்ப வர்றான்? தை மாசம் ஓட்ட முடியுமான்னு டாக்டர்ட்ட கேட்டு எழுது" என்றார். நான் தலையை ஆட்டினேன். இடுப்பில் இருந்த பிள்ளைதான் எனக்குப் பதிலாகச் சத்தம் போட்டது.

ராத்திரி அண்ணனும் மதினியும் நம் வீட்டில் சாப்பிட்டார்கள். அண்ணன் படியேறும்போது நான் பார்க்காததுபோல் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

வடிவு

---

கண்டி ஆஸ்பத்திரி,
14.11.62

அன்புள்ள வடிவு,

எடையைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு கட்டையை ஊன்றி வார்டு முழுக்க நடக்கிறேன். தை மாதம் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விடுகிறார்கள். லியனார்ட் மாஸ்டர் என்னை நானுஓயா ரயிலில் ஏற்றிவிடுவதாகச் சொல்கிறார்.

ஸ்டேஷனுக்கு அந்தக் காரையே அனுப்புவதாகத் துரை சொன்னார் என்று நீ எழுதியிருந்தது சந்தோஷம்தான். ஆனால் யோசித்துப் பார். அதில் இருப்பது இரண்டே சீட்டு. ஓட்டுவது மச்சான், பக்கத்தில் நான். உனக்கு இடமில்லை. நானுஓயாவிலிருந்து வீடு வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் தனியாக வர வேண்டும்.

கடிதத்தில் எழுதுவது வேறு. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை என்ன பேசுவது? கால் வலிக்குமோ என்ற பயம்கூட எனக்கு இல்லை, இந்தப் பயம்தான். உனக்குத்தான் பேச வருமே. என்ன பேசலாம் என்று உடனே எழுதி அனுப்பு.

செல்லசாமி

---

ஊசிமலை,
18.11.62

அன்புள்ள அத்தானுக்கு,

சோறும் கருவாட்டுக் குழம்பும் தயாராக இருக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாருங்கள், அந்தக் காருக்குக் கூரை இல்லை, நுவரெலியாவில் குளிர் எலும்பைத் தின்னும்.

என்ன பேசுவது என்று என்னைக் கேட்காதீர்கள். நேற்று அண்ணனும் வந்து இதையேதான் கேட்டுவிட்டுப் போனார்.

உங்கள்
வடிவு